பாறையும் புளியமரமும் தவிர இங்கே வரைய என்ன இருக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டிருந்தவற்றில் முக்கியமானது இதுதான்: "ஓவியர்கள் பலர் தங்கள் ஸ்கெட்ச் புக் பக்கங்களைப் போட்டு, எந்தப் படம் எதைப் பார்த்துத் தோன்றியது என்றும் எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கல் பாவிய தெரு, பழைய காபிக் கடை, பனி எல்லாம் இருக்கிறது. எனக்குத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு கிராமம். பாறையும் புளியமரமும் தவிர இங்கே வரைய ஒன்றும் இல்லை. நீங்களும் இந்தப் பக்கம்தானே, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து தோன்றுகிறது?" கூடவே உங்கள் நோட்டின் ஆறு பக்கங்களையும் போட்டிருந்தீர்கள். ஐந்தில் வெளிநாட்டுத் தெருக்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு முறம், ஓரத்தில் "பாட்டியுடையது" என்ற குறிப்போடு.

நீங்கள் இடங்களின் பட்டியல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தவுடன் கை துறுதுறுக்க வேண்டும், நம் ஊரைப் பார்த்தால் அப்படி வரவில்லை, அப்படியானால் குறை ஊரிலா, என்னிலா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் காவேரிப்பட்டணத்தில் வளர்ந்தவள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டுப் பதினெட்டு வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் வரைகிறேன். என் அனுபவத்தில் அந்தத் துறுதுறுப்பு வரைய உட்காரும் முன் வந்தது மிகக் குறைவு. உட்கார்ந்து இருபது நிமிடம் ஆன பிறகு, "இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?" என்ற கேள்வி எழும்போதுதான் வருகிறது. எனக்கு எல்லாப் படமும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுவர் கதைக்கு ராகிக் கொல்லை வரையச் சொன்னார்கள். ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு என்ன தெரியாது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே வரைந்து கொடுத்துவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்தது. அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கேவுருன்னு எழுதியிருக்கு, நெல்லுல்ல போட்டிருக்க?" என்றார். பார்த்தால், தலை சாய்ந்த நெற்கதிர்களைத்தான் வரிசையாகப் போட்டிருந்தேன். அடுத்த வாரமே ஒரு கொல்லை வரப்பில் போய் உட்கார்ந்தேன். ராகிக் கதிர் ஒரு கை மாதிரி. தண்டின் உச்சியில் நாலைந்து விரல்கள் ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன, முற்ற முற்ற உள்பக்கமாக மடங்கிக்கொள்கின்றன. பல கதிர்களில் ஒரு விரல் மட்டும் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் போலத் தனியாகத் தள்ளி நிற்கும். இருபது வருடம் பார்த்த பயிரில் அந்த விரலை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தக் கொல்லைப் பக்கங்களைத்தான் பிறகு பலரும் என்னிடம் கேட்டு வாங்கினார்கள்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். முதலில் நான் அங்கேதான் போனேன். வெள்ளைக் குவியல்கள், ஏலம், மூட்டைகள். நாலு பக்கம் வரைந்தேன், நாலும் உயிரில்லாமல் இருந்தன. கூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமே என்று பாலக்கோடு பக்கம் புழு வளர்க்கும் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, கால் நனைத்து, கை கழுவ வைத்தார். பையிலிருந்த மார்க்கர் பேனாவை முகர்ந்து பார்த்து, "இந்த வாடை புழுவுக்கு ஆகாதுங்க, வெளியவே வெச்சிருங்க" என்றார். அதனால் பென்சிலும் நோட்டும் மட்டும்தான் உள்ளே வந்தன. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அன்று நான் அழித்து அழித்துத்தான் வரைய வேண்டியிருந்தது.

உள்ளே சந்திரிகை இருந்தது. புழு கூடு கட்டுவதற்கென்றே செய்த மூங்கில் தட்டி அது. ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி பாய், அதன்மேல் மூன்று விரல் அகலத்தில் மூங்கில் பட்டையை விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்திச் சுருள் சுருளாகப் பொருத்தியிருப்பார்கள். நான் முதலில் அதை வளையத்துக்குள் வளையமாக வரைந்தேன். படம் ஏதோ கோலம் போல இருந்ததே தவிர, சந்திரிகையாக இல்லை. விரலால் ஒரு பட்டையைத் தொட்டபடியே போனபோதுதான் தெரிந்தது, வளையமே கிடையாது, உள்ளேயிருந்து பட்டை சுற்றிக்கொண்டே வெளியே வருகிறது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் புழு தன் கூட்டைக் கட்டுகிறது. புழு பழுத்தால் இலை தின்பதை நிறுத்திவிடும், உடம்பு மஞ்சளாகி வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆகிவிடும். "பழுத்தது ஒரு இடத்துல நிக்காதுங்க, தலையத் தூக்கித் தேடிக்கிட்டே இருக்கும்" என்றார் அக்கா. இடம் பிடித்ததும் தலையை எட்டு போடுகிற மாதிரி ஆட்டி ஆட்டி இழை விடத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். கூடு கட்டும் முன் புழு கழிக்கும் நீர் வடிந்துபோகவும் காற்றோட்டத்துக்கும் சந்திரிகையைச் சாய்த்து வைக்கிறார்கள். அந்தச் சாய்வு புரிந்த பிறகுதான் என் படத்தில் நிழல் சரியாக விழுந்தது. இப்போது பல வீடுகளில் மடித்து வைக்கிற பிளாஸ்டிக் நெட்ரிகா வந்துவிட்டது. சுத்தம் செய்ய அதுதான் சுலபம் என்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. மூங்கில் சந்திரிகை இருக்கிற வீடு உங்கள் கிராமத்தில் இருந்தால் மட்டும் சீக்கிரம் போய் வரைந்துவிடுங்கள்.

பொங்கலை ஒட்டி நடக்கும் எருது விடும் விழாவையும் கேட்டிருந்தீர்கள், காளை ஓடுவதை எப்படிப் பிடிப்பது என்று. ஓடுகிற காளையை நேரில் பார்த்து வரைய முடியாது. நாலைந்து விநாடியில் கடந்துவிடும். நான் அந்த முயற்சியை விட்டுவிட்டு, முந்தைய நாள் தட்டி கட்டுகிற இடத்துக்குப் போகிறேன். கொம்புகளுக்கு நடுவே நிற்கிற அந்தத் தட்டிக்கு மூங்கில் பிளாச்சுதான் எலும்பு. அதன்மேல் வண்ணக் காகிதம், ஜிகினா, தலைவர் படமோ நடிகர் படமோ, காளையின் ஊர்ப் பெயர். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் கையில் தூக்கினால் எடையே இருக்காது, இருந்தால் காளை தலையை உதறிவிடும். எங்கே கட்டு போடுகிறார்கள், கொம்பின் அடியில் துணி சுற்றுகிறார்களா என்பதையெல்லாம் முந்தைய நாளே வரைந்து வைத்துக்கொண்டால், மறுநாள் காளை ஓடும்போது கண் தானாகத் தட்டியின் ஆட்டத்தையும் கழுத்தின் முறுக்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் ஓரமாகப் போய் நினைவிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பத்து நிமிடம் விட்டால் நாமே கற்பனை செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். தெருக்கூத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இல்லை. இரவு விளக்கில் வரைவது எனக்கு இன்னும் கைவரவில்லை, நல்ல படம் ஒன்றுகூட அமையவில்லை. அதில் தேர்ந்தவர்களிடம் கேளுங்கள்.

சரி, பாறைக்கு வருகிறேன். "பாறையைத் தவிர ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள், எனக்கோ பாறையை வரைந்துதான் கோடு பழகிற்று. நம் பக்கத்துக் கரடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள் உட்கார்ந்திருக்கின்றனவே, யாரும் உருட்டி வைத்தவை இல்லை. கருங்கல்லில் முதலில் விரிசல்கள் விடுகின்றன, மழைநீர் விரிசல் வழியே இறங்கி மூலைகளை அதிகமாக அரிக்கிறது, கட்டமாக இருந்தது காலப்போக்கில் உருண்டையாகிறது. வெளித்தோல் வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிகிறது. இது தெரிந்தால் கோடு எங்கே போகும் என்று தெரியும். உருண்டையை வட்டமாகப் போட்டு நிழல் தீட்டினால் அது பந்தாகிவிடும். பழைய கட்டத்தின் மூலைகள் எங்கே இருந்திருக்கும் என்று பார்த்து, விரிசலிலிருந்து கோட்டைத் தொடங்கினால் பாறைக்கு எடை வரும். மழைத் தண்ணீர் வழிந்த தடத்தில் பாசி படிந்து காய்ந்த கருப்புப் பட்டைகளையும் விடாதீர்கள். பாறையின் சரிவை நிழலைவிட அவைதான் தெளிவாகச் சொல்கின்றன. கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையைப் பேருந்து நிலையப் பக்கமிருந்து பார்த்தாலே இது புரியும், ஏறக்கூட வேண்டாம்.

பாறை பழகிவிட்டால் அடுத்து நடுகல். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஊர்ப்புறங்களில் வேப்பமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் நிற்பவை தனி. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவனுக்கு எடுத்த கற்கள் இவற்றில் நிறைய. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் மாட்டு மந்தையைத் "தொறு" என்கிறார்கள், இறந்தான் என்பதற்குப் "பட்டான்". செதுக்கிய ஆழம் ரொம்பக் குறைவு, அதனால் உச்சி வெயிலில் போனால் வெறும் பலகைக் கல்தான் தெரியும். காலை ஏழு மணிக்கோ மாலை நாலு மணிக்கு மேலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் அதே கல்லில் வில்லும் வாளும் மாட்டின் கொம்பும் எழுந்து வரும். ஒரே கல்லை நான் மூன்று வேளையில் வரைந்து பார்த்திருக்கிறேன், மூன்றும் மூன்று கல் போல இருந்தன. அந்தச் சிற்பி உடம்பை நேராகக் காட்டிவிட்டுக் கால்களைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறான், இருந்தும் வீரன் தடுமாறாமல் நிற்கிறான். ஆழம் குறைவான கல்லில் ஒருவனை எப்படி ஓடவிடுவது என்ற அவனுடைய கஷ்டமும், தட்டைக் காகிதத்தில் எனக்குள்ள கஷ்டமும் ஒன்றுதான் என்று தோன்றிய நாளிலிருந்து, சிறுவர் புத்தகங்களில் நான் ஆட்களை நிறுத்துகிற விதமே மாறிவிட்டது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாயும் வீரனோடு நிற்கிறது, பெயரைக் கல்வெட்டிலேயே பொறித்திருக்கிறார்கள். ஒருநாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஒதுக்கில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். மல்லச்சந்திரத்தில் ஊரார் பாண்டவர் வீடு என்று சொல்லும் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழைய ஈமச் சின்னங்கள் இருக்கின்றன, அவற்றிலும் வெள்ளை ஓவியங்கள் உண்டு. இவ்வளவு நிச்சயம். அவை எந்தக் காலத்தவை, என்ன சொல்கின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் அல்லவா, அந்தச் செய்தி வந்த உற்சாகத்தில் நான் ஒரு குதிரை வீரன் படத்தின் கீழ் "நாலாயிரம் வருடத்துக் கோடு" என்று எழுதிவிட்டேன். அகழாய்வுக் குழியில் எடுத்த மாதிரிக்கு உரிய காலத்தை வேறொரு பாறையின் ஓவியத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் எடுத்துச் சொன்னதும் அந்த வரியை அழித்தேன். நான் தொல்லியல் படித்தவள் இல்லை. படத்தின் கீழே ஊர், தேதி, வெயில் நேரம், பார்த்த அளவு ஆகியவற்றை மட்டும் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்னொன்று, படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதும் சாக்பீஸால் கோடு இழுப்பதும் தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை போனால் அந்த வண்ணம் திரும்ப வராது. கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்தால் கண் பழகித் தானாகத் தெரியும்.

அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவது தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை, எல்லாரும் அப்படித்தான் கற்றோம். நாமக்கல்லில் பிறந்த சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களைக் கோட்டில் வரைந்தார். அந்தப் பக்கங்களைப் பார்த்து நான் பல நோட்டுகளை நிரப்பியிருக்கிறேன். கோபுலு எங்கள் கும்பகோணத்தில் ஓவியம் பயின்றவர். ஒருவர் வெற்றிலை மடிப்பதை நாலு கோட்டில் காட்டிவிடுவார். வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரைந்தவர் அவர். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்தால் எனக்கு நம் ஊர் முள்வேலி நினைவுக்கு வரும். இவர்களைப் பார்த்து வரையும்போது "இன்னாரைப் பார்த்து" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள், அது போதும். உங்கள் ஐந்து வெளிநாட்டுத் தெருக்களில் எனக்கு உறுத்தியது வேறு. நீங்கள் பார்த்தது இன்னொருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்த கோடுகளை. எதை விடுவது என்று முடிவு செய்கிற வேலையை அவரே செய்துவிட்டார். கை பழகுவதற்கு அது உதவும். எதை விடுவது என்று கண் கற்றுக்கொள்ள நேரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

நேரில் உட்கார்ந்தால் ஆட்கள் வந்து நிற்பார்கள், அதற்குத்தான் உங்களுக்குப் பயம் என்று புரிகிறது. புளியமரச் சாலை ஓரத்தில் நான் நோட்டும் பென்சிலுமாக இருந்தபோது ஒரு பெரியவர் வந்து, "ஏம்மா, ரோடு அகலப்படுத்த அளவெடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவர் நிலத்தில் பாதி ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டதாம். நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மரம் வந்ததும், "இதுல ஒரு பொந்து இருக்குமே, அது எங்க?" என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மரத்தின் பின்பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. மழைக்கு அதில் ஆந்தை ஒதுங்கும் என்றார். சாலைப் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அதிலிருந்து யார் வந்து நின்றாலும் முதலில் நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். முகம் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், பெண்களையும் பிள்ளைகளையும் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். "வேண்டாம்ப்பா" என்றால் அந்தப் பக்கம் நோட்டிலேயே இருக்கட்டும்.

பேனா, காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வைத்திருப்பது சாதாரண நோட்டுத் தாள் போலத் தெரிகிறது, மை பின்பக்கம் ஊறியிருக்கிறது. 130 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) அல்லது அதற்குமேல் உள்ள தாள் வாங்குங்கள். மேலே லேசாக வண்ணம் பூசுவதாக இருந்தால் தண்ணீரில் கரையாத மை வேண்டும். சித்திரை வெயிலில் நீர்வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது, அதனால் அந்த மாதங்களில் நான் பென்சிலோடு நிறுத்திக்கொண்டு நிறத்தின் பெயரை மட்டும் எழுதி வருகிறேன். டேப்லெட்டில் வரைவது பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை, நான் அதில் வேலை செய்வதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு நீங்களே பதில் போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாம் பக்கத்து முறத்தைத்தான் சொல்கிறேன். பின்னல் நன்றாக வந்திருக்கிறது, எந்தப் பட்டை மேலே போகிறது, எது கீழே போகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணி வரைந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் விளிம்புக்கு வந்ததும் ஒரே கோட்டில் சுற்றி முடித்துவிட்டீர்கள். பின்னிய பட்டைகளின் நுனியெல்லாம் எங்கே போயிற்று, விளிம்பு மூங்கிலை எதனால் கட்டியிருக்கிறது, நாரா, கம்பியா, பிளாஸ்டிக் ஒயரா, எத்தனை கட்டு என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டே அந்த ஓரத்தை மட்டும் இன்னொரு பக்கத்தில் பெரிதாக வரையுங்கள். வரைந்ததும் இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.